0.78: நல்ல கொழுப்பு குறைந்த உடம்போடு மூன்று ஆண்டுகள்

2022 மார்ச் மாதம், மலேசியாவில் நான் வேலை செய்யும் செம்பனை எண்ணெய் ஆலை ஆண்டுக்கொரு முறை ஏற்பாடு செய்யும் இரத்தப் பரிசோதனையின் முடிவு என் கைக்கு வந்தபோது எனக்கு 49 வயது. மொத்தக் கொலஸ்ட்ரால் 4.7 மில்லிமோல் என்று முதல் வரியில் அச்சாகியிருந்தது. அது 5.2க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருந்ததால், தாளைக் கொடுத்த கிளினிக் பணியாளர் அந்த வரியை மட்டும் விரலால் காட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மலாயில் சொன்னார். நானும் மகிழ்ந்துபோய்த் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த வரியில் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 0.78 என்றும், அதற்கும் கீழே இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 3.4 என்றும் இருந்தன. இரண்டின் பக்கத்திலும், அளவு சரியில்லை என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறி இருந்தது. அந்த நட்சத்திரங்களை நான் ஏழு மாதங்கள் கழித்துத்தான் பார்த்தேன்.

பார்க்க வைத்தது என் பெரியப்பா மகன் அண்ணனுக்கு வந்த மாரடைப்பு. அவருக்கு அப்போது 53 வயது. தீபாவளி வாரத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, உயிரோடு திரும்பி வந்தார். நான் பார்க்கப் போயிருந்தபோது, "எனக்கு கொலஸ்ட்ரால் நார்மல்தானே தம்பி இருந்தது" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து என் தாளை எடுத்து முழுவதும் படித்தேன். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முதற்காரணம் அதுதான்: மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற ஒற்றை எண், நல்ல கொழுப்பு மிகக் குறைந்த ஒருவரிடம் சரியாக இருப்பதுபோலத் தோற்றம் தரும், ஏனென்றால் அந்த மொத்தத்துக்குள் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே கூட்டப்பட்டிருக்கின்றன, நல்லது பாதியாகக் குறைந்தால் மொத்தமும் குறைந்து அழகாகத் தெரியும்.

அரசு கிளினிக்கில் என்னைப் பார்த்தவர் முப்பது வயதைத் தாண்டாத ஒரு தமிழ்ப் பெண் மருத்துவர். அவர் தாளை வாங்கியதும் ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் செய்தார். 4.7இலிருந்து 0.78ஐக் கழித்தால் 3.9, குழாய்ச் சுவரில் படியக்கூடிய கொழுப்பு அனைத்தும் அந்த 3.9இல் அடங்கும். 4.7ஐ 0.78ஆல் வகுத்தால் 6. இந்த விகிதம் 4ஐ ஒட்டி இருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டாராம். பிறகு இடுப்பை அளந்தார்: 101 சென்டிமீட்டர். ஆசிய ஆண்களுக்கு 90க்குள்ளும் பெண்களுக்கு 80க்குள்ளும் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் 138க்கு 88. வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.0. ட்ரைகிளிசரைடு 1.7ஐத் தாண்டுவது, எச்.டி.எல். ஆண்களுக்கு 1.0க்கும் பெண்களுக்கு 1.3க்கும் கீழே போவது, சர்க்கரை 5.6ஐ எட்டுவது, அழுத்தம் 130க்கு 85ஐ எட்டுவது, இடுப்பு பெருப்பது ஆகிய ஐந்தில் மூன்று இருந்தாலே வளர்சிதை மாற்றக் கோளாறு என்று பெயர் வைப்பார்கள். என்னிடம் ஐந்தும் இருந்தன. இந்தியாவில் இருக்கும் உறவினர்கள் மில்லிகிராமில் பேசுவார்கள் என்பதால் சொல்கிறேன்: கொலஸ்ட்ரால் எண்களை 38.7ஆலும், ட்ரைகிளிசரைடை 88.6ஆலும் பெருக்கினால் அவர்களுடைய கணக்கு வரும். என் 0.78 அவர்களுக்கு 30.

அடுத்து அவர் கேட்டது என் அப்பாவைப் பற்றி. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினவர். விடிவதற்கு முன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், ஒரு நாளில் நானூறு ஐந்நூறு மரங்களுக்கு நடந்து, பால் வாளியைத் தோளில் சுமந்து வந்தவர். உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் இல்லாதவர். அவருக்கு 54 வயதில் ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலித்தது. தோட்டத்து மருந்துக் கொட்டகையில் வாயுப் பிடிப்பு என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் இறந்துவிட்டார். அப்பாவோ உடன்பிறந்த ஆணோ 55 வயதுக்கு முன்னால் இதய நோய்க்கு ஆளாகியிருந்தால் அதைத் தனியாக ஓர் ஆபத்தாகக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று மருத்துவர் சொன்னபோது, முப்பது ஆண்டுகளாக விதி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஒரு மருத்துவப் படிவத்தின் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அப்பா நாளெல்லாம் நடந்தார் என்பது உண்மை. நாளெல்லாம் புகைத்தார் என்பதும் உண்மை. அவருடைய கொழுப்பை யாரும் ஒரு நாளும் அளந்ததில்லை.

எச்.டி.எல். என்ன செய்கிறது என்பதை நான் என் வேலையை வைத்துப் புரிந்துகொண்டேன். ஆலை வாசலில் எடை மேடையில் உட்கார்ந்து, பழக்குலை ஏற்றிவரும் லாரிகளை எடைபோடுவது என் வேலை. எச்.டி.எல். என்பது குழாய்ச் சுவர்களில் கிடக்கும் மிகுதியான கொழுப்பை ஏற்றிக்கொண்டு ஈரல் என்னும் ஆலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் லாரி. ஆனால் இரத்தப் பரிசோதனை அளப்பது, ஈரலுக்கு எவ்வளவு சரக்கு வந்து சேர்ந்தது என்பதை அல்ல. அந்த நேரத்தில் சாலையில் நிற்கும் லாரிகளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை மட்டுமே. வாசல் அடைபட்டு லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நின்றால், சாலையில் இருக்கும் சரக்கு ஏராளமாகத்தான் தெரியும், ஆலைக்குள் ஒன்றும் வந்திராது. இது வெறும் உவமை அல்ல. எச்.டி.எல்.லை ஈரலுக்குள் வாங்கும் வாசலான ஏற்பியின் மரபணுவில் பழுது உள்ள மனிதர்களைப் பற்றி 2016இல் ஒரு கண்டுபிடிப்பு வெளியானது, அவர்களுக்கு எச்.டி.எல். மிக அதிகமாக இருந்தது, இதய நோயும் அதிகமாகவே இருந்தது.

இதை அப்போதே நான் ஏற்றுக்கொண்டிருந்தால் பத்து வாரங்கள் வீணாகியிருக்காது.

மருத்துவர் அன்று எனக்கு எழுதிக் கொடுத்தது, கெட்ட கொழுப்பை இறக்கும் ஸ்டாடின் வகை மாத்திரையான அடோர்வாஸ்டாடின் 20 மில்லிகிராம். அதோடு புகைப்பதை நிறுத்தவும், இடுப்பைக் குறைக்கவும், மூன்று மாதம் கழித்து வரவும் சொன்னார். எனக்கு அதில் நிறைவில்லை. என் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 2.4தானே, அது சரியாகத்தானே இருக்கிறது, குறைந்திருப்பது நல்ல கொழுப்புதானே, அதை ஏற்றுவதற்கு மாத்திரை கொடுக்காமல் சரியாக இருப்பதை இறக்குவதற்கு ஏன் மாத்திரை கொடுக்கிறார் என்று நினைத்தேன். கேட்கவும் கேட்டேன். "நல்ல கொழுப்பை ஏற்றும் மாத்திரை உண்டு அங்கிள், ஆனால் அதைச் சாப்பிட்டவர்கள் பிழைத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை" என்று அவர் சொன்னார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் அடோர்வாஸ்டாடினை வாங்கிக்கொண்டு வந்து தொடாமல் வைத்தேன்.

ஊரில் தெரிந்த ஒருவர் சத்து மாத்திரைகள் விற்பவர். அவர் நியாசின் என்னும் வைட்டமின் பி3 நல்ல கொழுப்பை ஏற்றும் என்றார். அவர் சொன்னது பொய் அல்ல, உண்மையிலேயே ஏற்றும். நான் 500 மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு மூன்று என்று, யாரையும் கேட்காமல், பத்து வாரங்கள் சாப்பிட்டேன். முதல் நாள் அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டதுபோலச் சிவந்து எரிந்தன. கொழுப்பு கரைகிறது என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். 2023 பிப்ரவரியில் இரத்தம் கொடுத்தேன். எச்.டி.எல். 0.94. நான் அந்தத் தாளைப் பள்ளி மாணவன் மதிப்பெண் அட்டையை நீட்டுவதுபோல நீட்டினேன். மருத்துவர் வேறு இரண்டு வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்: சர்க்கரை 6.0இலிருந்து 6.7க்கு ஏறியிருந்தது, ஈரல் நொதி இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு ஆகியிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கு அவர் தம் நேரத்தைப் பார்க்காமல் எனக்குச் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே மாத்திரையை இன்றும் எங்கள் ஊரில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நல்ல கொழுப்பு என்ற பெயர் ஓர் உண்மையிலிருந்துதான் வந்தது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்னும் சிற்றூரில் ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வு 1948இல் தொடங்கியது. எச்.டி.எல். குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்பதை அந்த ஆய்வு 1977இல் வெளியிட்டது. அப்படியானால் எச்.டி.எல்.லை ஏற்றினால் மாரடைப்பு குறைய வேண்டும் அல்லவா என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். டோர்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை 72 விழுக்காடு ஏற்றியது. ஏறத்தாழ 15,000 பேரிடம் நடந்த அந்தச் சோதனையை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார்கள், ஏனென்றால் மருந்து சாப்பிட்டவர்களே அதிகமாக இறந்தார்கள். நான் விழுங்கிய நியாசினை, ஸ்டாடின் சாப்பிடும் 3,414 பேரிடம் சோதித்த ஆய்வு பலன் இல்லை என்று 2011இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு 25,673 பேரிடம் நடந்த இன்னும் பெரிய ஆய்விலும் மாரடைப்பு குறையவில்லை. மாறாக நீரிழிவும், தொற்றுகளும், இரத்தக் கசிவும் கூடின. பிறவியிலேயே மரபணுவால் எச்.டி.எல். கூடுதலாக உள்ளவர்களை 2012இல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்கும் மாரடைப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இல்லை. இதற்கு நேர்மாறாக, இத்தாலியில் கார்தா ஏரிக்கரையில் லிமோனே என்ற ஊரில், எச்.டி.எல். மிகக் குறைவாக இருந்தும் இதயக் குழாய்கள் கெடாமல் வாழும் குடும்பங்கள் உண்டு.

ஆகவே குறைந்த எச்.டி.எல். என்பது எச்சரிக்கை விளக்கு. எனக்குள் ட்ரைகிளிசரைடு மிகுந்திருக்கிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, புகை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டிக்கொண்டிருந்தது. நான் விளக்கின் கண்ணாடிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தேன். மருத்துவர் நியாசினை நிறுத்தச் சொன்னார். நான்கு மாதங்களில் ஈரல் நொதி பழைய நிலைக்கு வந்தது.

ஸ்டாடினை ஏன் சாப்பிட வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. அது எச்.டி.எல்.லைச் சிறிதளவே ஏற்றும். ஆனால் எல்.டி.எல். எவ்வளவில் தொடங்கினாலும், அதை ஒவ்வொரு 1 மில்லிமோல் இறக்கும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 22 விழுக்காடு குறைகின்றன என்பது பல்லாயிரம் பேரின் சோதனைகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. சாலையில் குப்பை அள்ளும் லாரிகளைப் பெருக்க முடியாவிட்டால், கொட்டப்படும் குப்பையைக் குறைப்பதுதான் வழி. புகை, அழுத்தம், அப்பாவின் மரணம், 6ஐ எட்டிய விகிதம் ஆகியவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரை எழுதியிருக்கிறார், எல்.டி.எல். என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து அல்ல.

ஸ்டாடின் சாப்பிடத் தொடங்கிய ஐந்தாம் வாரம் தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி வந்தது. மாத்திரையால்தான் என்று முடிவுகட்டி நிறுத்திவிடத் தோன்றியது. இந்த முறை கேட்டுவிட்டே செய்வோம் என்று கிளினிக் மருந்தகத்தில் கேட்டேன். இரத்தத்தில் தசை நொதியை அளந்து பார்த்து, சரியாக இருந்ததால், மூன்று வாரம் நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்கச் சொன்னார்கள். நிறுத்தியிருந்தபோதும் வலித்தது. தொடங்கியபோது வலி மறைந்தே போயிற்று. புதிதாக நடக்கத் தொடங்கிய கால்களின் வலி அது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டாடினால் வந்ததாக நோயாளிகள் சொன்ன உபாதைகளில் பத்தில் ஒன்பது பங்கு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்ட மாதங்களிலும் வந்திருக்கின்றன. இதைக் கொண்டு எவருடைய வலியையும் பொய் என்று நான் சொல்லவில்லை. வலி கடுமையாகி, சிறுநீர் தேநீர் நிறத்தில் கறுத்துப் போனால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி, மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சாப்பிடுவதாகச் சொல்வதுதான் எங்கள் ஊரில் நான் அதிகம் காணும் தவறு. மருந்தகத்தில் எனக்குச் சொன்ன இன்னொன்று: கிரேப்ஃப்ரூட் பழம் அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் ஆகிய இரண்டு ஸ்டாடின்களும் உடம்பில் கழிவதைத் தடுத்து அவற்றின் அளவைக் கூட்டிவிடும், அதே இனத்தைச் சேர்ந்த பம்ப்ளிமாஸிலும் அதே வேதிப்பொருள் இருப்பதால் அதையும் நிறையச் சாப்பிட வேண்டாம். தம்புன் பம்ப்ளிமாஸ் விளையும் வட்டாரத்தில் இருந்துகொண்டு இதை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

ட்ரைகிளிசரைடை இறக்கும் ஃபைப்ரேட் வகை மாத்திரைகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். என் மனைவியின் தம்பிக்கு ட்ரைகிளிசரைடு 11ஐத் தாண்டிக் கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு ஃபெனோஃபைப்ரேட் கொடுத்தார்கள், அவருக்கு அது தேவை. எனக்கு 3.4தான் என்பதால், அதைச் சாப்பாட்டாலேயே இறக்க முடியும் என்று மருத்துவர் கொடுக்கவில்லை. அவருடைய மாத்திரையை நானோ என்னுடையதை அவரோ எடுத்துக்கொள்வதற்கில்லை. ஜெம்ஃபைப்ரோசில் என்ற பழைய ஃபைப்ரேட்டைச் சிம்வாஸ்டாடினோடு சேர்த்துச் சாப்பிட்டால் தசையே அழியும் ஆபத்து உண்டு.

சாப்பாட்டைப் பற்றி நான் எதிர்பார்த்தது, எண்ணெயையும் ஆட்டிறைச்சியையும் நிறுத்தச் சொல்வார்கள் என்பதை. மருத்துவரும் சத்துணவு அதிகாரியும் முதலில் கேட்டது தேநீரைப் பற்றி. காலையில் ரொட்டி சானாயோடு தே தாரிக் என்னும் இழுத்து ஆற்றிய பால் தேநீர் ஒன்று, பத்து மணிக்கு ஆலைக் கேன்டீனில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவு கடையில் நண்பர்களோடு ஒன்று என்று நாளைக்கு நான்கு குவளை. ஒவ்வொன்றிலும் இனிப்புப் பால் டின்னிலிருந்து ஊற்றியது. இரண்டு வேளையும் தட்டு நிறையச் சோறு. உடம்பு செலவழிக்காத இந்த மாவையும் சர்க்கரையையும் ஈரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. அது மிகுந்தால், எச்.டி.எல். தன்னிடமுள்ள கொலஸ்ட்ராலைக் கொடுத்துவிட்டு ட்ரைகிளிசரைடை ஏற்றிக்கொள்கிறது. அப்படி மாறிப்போன எச்.டி.எல். சிறுத்து, விரைவில் உடைந்து, சிறுநீரகத்தின் வழியாகக் கழிந்துபோகிறது. ட்ரைகிளிசரைடு ஏறினால் எச்.டி.எல். இறங்குவது இதனால்தான். நம்மவர்களில் பலருடைய தாளில் இந்த இரண்டு நட்சத்திரங்களும் சேர்ந்தே வருவதற்கும் இதுதான் காரணம்.

தே தாரிக்கை விட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினேன். முதல் இரண்டு வாரம் கசந்தது, பிறகு பழகிவிட்டது. சுகாதார அமைச்சு சொல்லும் கால்-கால்-அரைத் தட்டை என் மனைவி வீட்டில் கொண்டுவந்தார்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் கீரையும். பசியாறிய உணர்வு வருவதற்குக் கீரையும் பயறும்தான் உதவின. விலை மலிவான கெம்போங் மீனை வாரத்தில் நான்கு நாள் குழம்பாக வைத்தோம், பொரிப்பதை விட்டோம். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் மாதத்தில் ஒரு நாள் என்றாயிற்று.

தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது நல்ல கொழுப்பை ஏற்றும் என்று கேட்டு அதைத் தினமும் கரண்டி கணக்கில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுவது உண்மை. பல சோதனைகளை ஒன்றுசேர்த்து 2020இல் கணக்கிட்டபோது, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடத் தேங்காய் எண்ணெய், இந்தியக் கணக்கில் சொன்னால், எச்.டி.எல்.லை ஏறத்தாழ 4 மில்லிகிராம் ஏற்றியது, எல்.டி.எல்.லை ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஏற்றியது. நான் நியாசினில் செய்த பிழையும் இதுவும் ஒன்றே. நான் சோறு தின்பது செம்பனையால். அந்த எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதை மறைக்க மாட்டேன். எந்த எண்ணெயானாலும் எங்கள் வீட்டில் இப்போது மாதத்துக்குப் பாதி அளவே செலவாகிறது.

மதுவைப் பற்றியும் இதையே சொல்லத் தோன்றுகிறது, ஆனால் இன்னும் அழுத்தமாக. சிறிது குடித்தால் நல்ல கொழுப்பு ஏறும் என்பதை ஒரு மருத்துவ உண்மையாகச் சொல்லிக்கொண்டு குடிப்பவர்களை எனக்குத் தெரியும். ஏறும், அதோடு ட்ரைகிளிசரைடும், அழுத்தமும், ஈரல் கொழுப்பும் ஏறும். கள்ளும் சம்சுவும் தோட்டத்துக் குடும்பங்களை என்ன செய்தன என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

புகையை 2023 சித்திரைப் புத்தாண்டு அன்று விட்டேன். 25 ஆண்டுப் பழக்கம். 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை வந்து, கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டியிருந்தபோதே பாதி குறைந்திருந்தது. மீதியை விடுவதற்கு அரசு கிளினிக்கில் உள்ள புகை நிறுத்தப் பிரிவு உதவியது. முதல் முயற்சியில் 19 நாள், இரண்டாம் முயற்சியில் இன்று வரை. இதை விட்டால் சில வாரங்களிலேயே எச்.டி.எல். ஏறத்தாழ 0.1 ஏறும் என்பார்கள். எந்த மாத்திரையையும்விட ஆபத்தைக் குறைப்பது இதுதான் என்பதால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதவர் இதிலிருந்து தொடங்கட்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நடை எனக்கு எளிதில் கைகூடவில்லை. காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. அதற்கு முன் நம் ஊரில் விடிவதில்லை, இருட்டில் நாய்கள் துரத்தும். மாலை ஆறு மணிக்குத் திடலைச் சுற்றுவது என்று வைத்துக்கொண்டேன். மழை நாட்களில் வீட்டிலேயே படி ஏறி இறங்கினேன். வாரத்துக்கு 120 நிமிடமாவது இருந்தால்தான் எச்.டி.எல்.லில் மாற்றம் தெரியும் என்றும், அப்போதும் சராசரியாக 2.5 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஏறும் என்றும் படித்தேன். ஆனால் இடுப்பு, சர்க்கரை, அழுத்தம் மூன்றும் நடையால் இறங்குகின்றன. பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் நடந்தேன்.

2023 ஜூன் மாதச் சோதனை என்னைச் சோர்வடையச் செய்தது. ஐந்து கிலோ குறைந்திருந்தேன், புகை இல்லை, ட்ரைகிளிசரைடு 2.1க்கு வந்திருந்தது, எச்.டி.எல். மட்டும் 0.80. நியாசினை நிறுத்தியது ஒரு காரணம். எடை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும் மாதங்களில் எச்.டி.எல். தற்காலிகமாக இறங்கும் என்பதும், எடை ஓரிடத்தில் நிலைத்த பிறகே அது மெல்ல ஏறும் என்பதும் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. இதை அறியாமல் பலர் அந்தக் கட்டத்திலேயே மனம் விட்டுவிடுகிறார்கள்.

2025 ஜனவரியில் என் எடை 84இலிருந்து 76 கிலோவாகவும், இடுப்பு 91 சென்டிமீட்டராகவும் இருந்தன. மொத்தம் 3.4, ட்ரைகிளிசரைடு 1.5, எல்.டி.எல். 1.7, சர்க்கரை 5.5. எச்.டி.எல். 0.99. அதன் பக்கத்தில் நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. மருத்துவர் அந்த வரியைத் தாண்டிப் போய், கழித்துக் கண்ட 2.4ஐ வட்டமிட்டு, அடுத்த ஆறு மாதத்துக்கு மருந்துச் சீட்டு எழுதினார். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் இவ்வளவும் கிடைக்கிறது. அரசு உதவித்தொகை பெறும் பி40 (வருமானத்தில் கீழ் 40 விழுக்காடு) குடும்பத்தினருக்கு 40 வயதிலிருந்து பீக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம் என்பதையும் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். முடிவுத் தாளை வாங்கும்போது மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள்.

என் மகனுக்கு 23 வயது. பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். மெலிந்த உடம்பு, புகைப்பதில்லை. சென்ற மாதம் நான் வற்புறுத்தியதால் இரத்தம் கொடுத்தான்: எச்.டி.எல். 0.85, ட்ரைகிளிசரைடு 2.6. "இதை ஏற்றுவதற்கு ஏதாவது மாத்திரை இருக்கிறதா அப்பா?" என்று தொலைபேசியில் கேட்டான். நான் அவனிடம் ஷிப்டில் என்ன குடிக்கிறாய் என்று கேட்டேன். தூக்கம் வராமலிருக்க இரண்டு டின் இனிப்புப் பானம் என்றான். அதை விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்பது என்று பேசியிருக்கிறோம். விடுமுறைக்கு வரும் நாட்களில் மாலை ஆறு மணிக்கு என்னோடு திடலுக்கு வருகிறான். மூன்றாம் சுற்றில் என்னை முந்திப் போகிறான்.